பால் என்னும் பெயர்

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 400 கிராம் பால்மாப் பொட்டலத்தின் விலை 790 ரூபாவாக உயர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1000 ரூபா. அவ்விலைக்கும் மா கிடைப்பது அரிதாயிருந்த அந்நாளில், என் வகுப்பு மாணவி ஒருத்தி 'எங்கள் வீடு' என்னுந் தலைப்பில் எழுதிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். "தம்பிக்குத் தேங்காய்பால் கரைத்துப் போத்தலில் கொடுக்கிறோம்" என்று எழுதியிருந்தாள். வல்லினம் மிகவேண்டிய இடமென்று சிவப்பு மையால் 'ப்' ஒன்றைச் செருகிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றேன். தம்பிக்கு ஐந்து மாதம் என்பது முந்திய வரியிலேயே இருந்தது. நான் இட்ட திருத்தங்களுள் இன்று நினைக்க நாணுவது அதுவே.

மொனராகலை என்ற பெயரை மயிற்பாறை எனத் தமிழாக்கி மகிழ்பவன் நான். ஆயின் இங்குள்ள இறப்பர்த் தோட்டங்களில் 'பால்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது மரத்தில் வடிவதே. 'பால் வெட்டப் போயிருக்கிறாள்' என்பர். வெண்மையாய் வடிவது எதுவாயினும் அதனைப் பால் என்றழைப்பது தமிழியல்பு. தேங்காய்ப்பால், எருக்கம்பால், இளங்கதிர் பிடிக்கும் பால் எல்லாம் அவ்வழியே பெயர் பெற்றன. கள்ளிப்பாலும் பால்தான், அதனைப் புகட்டிப் பெண்சிசுக்களை மாய்த்த கொடுமையும் தமிழகத்தில் நிகழ்ந்தது.

மாவுநீரைப் பாலென்று கொடுத்த கதைகள் இரண்டினை நாம் அறிவோம். வறிய தாய் அளித்த மாவுநீரை உபமன்னியு வாயில் வைத்ததும் இது பாலன்று என்று அழுதான். முன்னரே மெய்யான பாலைச் சுவைத்திருந்தான். அவனுக்கு இறைவன் பாற்கடலையே ஈந்தான் என்பது புராணம். பாரதத்து அசுவத்தாமனோ பிற சிறுவர் கரைத்துக் கொடுத்த மாவுநீரைக் குடித்துப் பால் குடித்தேன் என்று கூத்தாடினான். துரோணர் பொருள் தேடிப் புறப்பட்டது அக்காட்சியைக் கண்ட பின்னரே. மாணவியின் தாயை ஒரு கிழமை கழித்துச் சந்தித்தேன். "குடிச்சிட்டு அழாம தூங்குறான் ஐயா" என்றாள். எனக்கு அசுவத்தாமன் நினைவே வந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை எளியது: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, பின்னர்ப் பிற உணவோடு இரண்டாண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால். அதற்கு வழியில்லாதவிடத்து மருத்துவர் சொற்படி சிசுவுக்கென்றே ஆக்கிய மா. கடையிற் கிடைக்கும் சாதாரணப் பால்மா அதுவன்று. தேங்காய்ப்பாலிற் கொழுப்பு மிகுதி. புரதமும் சுண்ணாம்புச்சத்தும் குறைவு. நீர் கலக்குந்தோறும் இன்னும் குறையும். கஞ்சித் தெளிவில் மாச்சத்தன்றிச் சொல்லத்தக்கது வேறில்லை. வயிறு நிறையும், உடல் வளராது. ஆறு மாதம் கடந்த குழந்தையின் சோற்றிலே தேங்காய்ப்பால் சேர்ப்பது நன்றே. அது போத்தலில் ஏறித் தாய்ப்பாலின் இடத்தில் அமர்வதே கேடு.

"எம் பாட்டிமார் இப்படி வளர்க்கவில்லையா?" என்பார் உளர். வளர்ந்தவர் வந்து சாட்சி சொல்கின்றனர், வளராதவர் வருவதில்லை.

நகரத்தார் மயக்கம் வேறு வகையது. பாதாம்பால், ஓட்ஸ்பால் என அழகிய பெட்டிகளில் வாங்குகின்றனர். ஓராண்டு கடந்த பிள்ளைக்கு மாட்டுப்பால் ஒவ்வாதாயின், சுண்ணாம்பும் உயிர்ச்சத்துக்களும் சேர்த்த, இனிப்பிடாத சோயாப்பால் மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். அதன் புரதம் மாட்டுப்பாலின் அளவை ஒட்டி வரும். பாதாம்பாலில் அதுவும் இல்லை. சிசுவுக்கென்றே சோயாவைக் கொண்டு ஆலையில் ஆக்கிய மாவிலும் பிழை நேர்ந்ததுண்டு. 2003இல் இஸ்ரேலில் அத்தகைய மா ஒன்றில் பி1 உயிர்ச்சத்து இல்லாமற்போனமையால் சிசுக்கள் சில இறந்தன. ஆலைக்கே அரிதான காரியத்தைத் துருவலையும் பிழிதுணியையும் கொண்டு அடுக்களையில் யார் முடிப்பார்? நம் நாட்டுத் திரிபோஷவும் சோளமும் சோயாவும் சேர்ந்த மாவே. அது தன்னைப் பால் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இனி, அத்தாயைக் குறைகூற நான் உடன்படேன். இறப்பர் மரம் விடியலிலேதான் நன்றாகப் பால் சுரக்கும். குழந்தை பசித்து விழிக்கும் வேளையும் அதுவே. அவள் வாளியோடு மலையேறும்போது குழந்தை பிள்ளைக்காம்பராவுக்கோ பாட்டியின் மடிக்கோ போகிறது. ஓராண்டு நிரம்பாத சிசுவுக்குப் பாலூட்டும் தாய்க்கு வேலைநேரத்தில் இருமுறை இடைவேளை கொடுக்கவேண்டுமென்று நம் நாட்டுச் சட்டம் கூறுகிறது. பிள்ளைக்காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரைமணி நேரம். மலையுச்சியிலிருந்து இறங்கி ஏறுவதற்கே அந்த அரைமணி போய்விடும். போதாக்குறைக்கு, நிறுக்கப்படுவது வாளியிலுள்ள பால் மட்டுமே. பிள்ளைக்காம்பராவை வேலைமலைக்கு அருகில் அமைத்து, நடக்கும் நேரத்தை இடைவேளையிற் கழிக்காமல், அன்றைய நிறை குறைந்தாலும் முழுப்பெயர் போட்டால் அத்தாய் போத்தலைத் தேடமாட்டாள். சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் ரூபாவோடு இந்த அரைமணியையும் மேசைமேல் வைக்கட்டும்.