க்வாய் பாலமும் உதைக்கிற கணக்கும்

நேற்று 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) பார்த்தேன். ஜப்பானியரிடம் கைதியான ஆங்கிலேயக் கர்னல், "அதிகாரிகள் கூலி வேலை செய்ய மாட்டார்கள்" என்று ஜெனீவா ஒப்பந்தத்தை நீட்டுகிறார். அலெக் கின்னஸ் பின்னி எடுத்திருக்கிறார். ஏழு ஆஸ்கர் சும்மா வரவில்லை.

ஆனால் கணக்கு உதைக்கிறதே! 1942-43ல் போட்ட அந்த 415 கி.மீ. சயாம்-பர்மா ரயில் பாதையில் செத்த போர்க்கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ சுமார் 90,000 பேர் என்கிறார்கள். அதில் மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். காலரா, பட்டினி, அடி. படத்தில் அவர்களில் ஒருவரைக்கூடக் காணோம்.

கர்னலுக்கு நீட்ட ஒரு ஒப்பந்தமாவது இருந்தது. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலானோருக்கு அதுவும் இல்லை.

படம் பாருங்கள், நல்ல படம்தான். பார்த்துவிட்டு, அந்தப் பாதையைப் போட்டவர்களைப் பற்றியும் கொஞ்சம் தேடிப் படியுங்கள்.