இம்பிளாண்ட் பல் ஆடினால்

இம்பிளாண்ட் பல் ஆடத் தொடங்கியதும் "போட்ட காசெல்லாம் போச்சு" என்று நம் வயதுக்காரர்கள் மனம் விட்டுவிடுகிறார்கள். ஆடுவது எது என்று முதலில் தெரிய வேண்டும். மேலே உள்ள கேப்போ, அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவோ தளர்ந்திருந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். எலும்புக்குள் இருக்கும் டைட்டானியம் வேரே ஆடினால், எலும்பு பிடியை விட்டுவிட்டது என்று பொருள். அதை எடுத்துவிட்டுத்தான் மறுபடி யோசிக்க வேண்டும். டாக்டர் தொட்டுப் பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்தால்தான் எது என்று தெரியும். வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். வலிக்காமலே எலும்பு கரையும். அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு வேண்டாம். பெவிக்விக் வைத்து ஒட்டுகிற கெட்டிக்காரர்களுக்கு ஒரு கும்பிடு!

நான் சொல்ல வந்தது வேறு. ஸ்க்ரூவைத் திருகும் சாவி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூத்தாநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூர், மலேசியா, சென்னை என்று எங்கெங்கோ போட்டுக்கொண்டு வருகிறோம். இங்கே ஆடினால், மன்னார்குடி டாக்டரிடம் "எந்தக் கம்பெனி, என்ன அளவு?" என்ற கேள்விக்குப் பதில் இருப்பதில்லை. மிக்ஸிக்குக் காரண்டி கார்டு கேட்டு வாங்குகிறோம். தாடையில் பதித்ததற்குக் கேட்பதில்லை. 1965-இல் ஸ்வீடனில் பிரோனெமார்க் முதல் நோயாளிக்குப் பொருத்தியது, அவர் 2006-இல் இறக்கும்வரை உழைத்தது. அத்தனை காலம் நிற்கக்கூடிய பொருளுக்குச் சீட்டு வேண்டாமா?

கம்பெனி, அளவு, தேதி எழுதிய சீட்டு கைக்கு வராமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்பேன். குமாஸ்தா புத்தி என்று சிரித்தாலும் சரி. ஏற்கெனவே போட்டவர்கள், போட்ட இடத்துக்கு இன்றே போன் செய்து வாட்ஸ்அப்பில் வாங்கி, பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.