எங்கேயோ சண்டை, நமக்கென்ன?



அமராவதி நகரிலும், உடுமலை, தாராபுரம் சந்தைகளிலும் யுத்தச் சேதி வந்தால் நம்மவர்கள் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. "எங்கேயோ எவனோ அடித்துக்கொள்ளுகிறான், நமக்கென்ன?" என்பதே அது. இது சரியா, தப்பா என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் அமராவதி ஆற்றங்கரையிலுள்ள தாராபுரத்தின் கதையே போதும்.

1783இல் கர்னல் புல்லார்ட்டன் என்கிற வெள்ளைக்காரன் பட்டாளத்துடன் வந்து, மைசூர் அரசின் கையிலிருந்த தாராபுரம் கோட்டையைப் பிடித்தான். தாராபுரத்துக் குடியானவன் அவனுக்கு என்ன கெடுதி செய்தான்? ஒன்றுமில்லை. இச்சண்டையின் வேர்களில் ஒன்று கடலுக்கு அப்பால், அமெரிக்காவில், தேயிலைப் பெட்டியில் கிடந்தது!

ராத்தலுக்கு மூன்று பென்னி தேயிலை வரி. இதுதான் தகராறு. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 பெட்டித் தேயிலையைக் குடியேற்ற நாட்டார் கடலில் கொட்டினார்கள். 1775இல் அது துப்பாக்கிச் சண்டையாயிற்று. முன்பு கனடாவை இழந்த பிரெஞ்சுக்காரன், பழிவாங்க இதுவே சமயமென்று 1778இல் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தான். உடனே இங்கிலீஷ்காரன் இங்கே புதுச்சேரியைப் பிடித்தான். 1779இல் மாஹியையும் பிடித்தான். மாஹியோ ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்திறங்கிய துறைமுகம். அது தன் பாதுகாப்பிலுள்ளது என்று சொல்லியும் கேளாததால், ஏற்கனவே கோபத்திலிருந்த ஹைதர் 1780இல் ஆர்க்காட்டுச் சீமையின்மேல் படையெடுத்தான். ஊர்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது. பாஸ்டன் எங்கே, ஆர்க்காடு எங்கே என்று யோசித்துப் பாருங்கள்!

இதைவிட வெட்கக்கேடு ஒன்று கேளுங்கள். 1783 ஜனவரியிலேயே அய்ரோப்பாவில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சமாதானக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்தச் சேதி கப்பலேறி இங்கு வருவதற்குள், ஜூன் மாதத்தில் கடலூரில் இருவரும் தரையிலும் கடலிலும் வெட்டி மாய்ந்தார்கள். 1784இல் மங்களூர் உடன்படிக்கைப்படி, பிடித்த ஊர்களை ஆளுக்கு ஆள் திருப்பிக் கொடுத்தார்கள். தாராபுரமும் திப்புவிடம் திரும்பிற்று. ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. செத்தவனை எவன் திருப்பிக் கொடுத்தான்?

இது ஒரு தடவை நடந்த கூத்தல்ல. 1754இல் வட அமெரிக்கக் காட்டில் இவ்விரு கூட்டமும் மோதிய சில்லறைத் தகராறு ஏழாண்டு யுத்தமாக வளர்ந்து, 1760இல் வந்தவாசியிலும் ரத்தம் சிந்தவைத்தது.

இதையெல்லாம் விதி என்பதா? இல்லவே இல்லை. சிறு தகராறு வெறும் பொறிதான். வியாபாரியின் லாபம், அரசனின் கௌரவம், "உன் எதிரி எனக்கும் எதிரி" என்கிற ஒப்பந்தம் ஆகிய வைக்கோற்போரை மனிதர்களே குவித்துவைக்கிறார்கள். பின்வாங்கினால் மானம் போய்விடுமென்று அரசன் நினைக்கிறான். அவன் மானத்தைக் காப்பாற்ற உயிர் கொடுப்பவன் கூலிச் சிப்பாய்.

இன்றைக்கும் "நமக்கென்ன?" என்று சொல்ல முடியுமா? உக்ரேனில் யுத்தம். இந்தியா ருஷ்ய எண்ணெய் வாங்குகிறதென்று காரணங்காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின்மேல் 25 சதவீத வரியை 50 ஆக்கியது. திருப்பூர் பனியன் ஆர்டர்கள் தடைப்பட்டன. அன்று தேயிலை வரியில் தொடங்கியது யுத்தத்தில் முடிந்தது; இன்று யுத்தத்தில் தொடங்கியது பனியன் வரியில் வந்து நின்றது. ஆர்டர் நின்றால் முதலில் அடுப்பணைவது முதலாளி வீட்டிலா, தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவன் வீட்டிலா?

ஆகவே தோழர்களே, பீரங்கி வெடித்த பிறகு அழுது பயனில்லை. தகராறு சிறிதாயிருக்கும்போதே, "இதில் லாபம் யாருக்கு? சாகப்போவது யார்?" என்ற இரண்டு கேள்விகளை, அரசாளுகிறவன் எவனாயிருந்தாலும் கேட்கவேண்டும். "நமக்கென்ன?" என்று நாம் வாய்மூடி இருப்பதுதான், அந்த வைக்கோற்போரில் நாம் போடும் ஒரு கட்டு.