நிலம் நம்முடையது, படம் யாருடையது?

வரப்பு எங்கே ஓடுகிறது என்பது உழுகிறவனுக்குத் தெரியும். வாய்க்கால் எந்த இடத்தில் தூர்ந்தது, கிணறு எந்தப் பக்கம் ஊறுகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த வரப்பைக் காகிதத்தில் கோடாகப் போடும் அதிகாரம் சர்க்காரிடம் இருக்கிறது. கோடு தவறிப்போனால் நஷ்டம் யாருக்கு? நிலத்தில் நிற்பவனுக்குத்தான். கொங்குச் சீமையில் நாம் கண்ட பல போராட்டங்களின் அடியில் இந்த விஷயம் புதைந்து கிடக்கிறது.

கெயில் எரிவாயுக் குழாயை எடுத்துக்கொள்வோம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்டங்களின் விவசாயிகள் அதை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சர்வே எண்களை அடுக்கி அரசிதழில் அறிவிப்பு வரும். 21 நாளுக்குள் ஆட்சேபணை சொல்ல வேண்டும். எண்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, குழாய் எந்தத் தென்னந்தோப்பில் நுழைகிறது, எந்தக் கிணற்றை ஒட்டி வளைகிறது என்று ஒரு விவசாயி எப்படிக் கண்டுபிடிப்பான்? வழக்கு டெல்லி வரை போயிற்று. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2018-ல் அடுத்த அடி விழுந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டப் புகளூருக்கு வரும் மின்பாதைக்காக வயல்களில் கோபுரங்கள் எழும்பின. விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பாதை போட்ட பிறகு போராடுவதைவிட, பாதை போடும் முன்பே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடியிருந்தால்? அந்தச் சந்தர்ப்பம் அவர்களுக்குத் தரப்படவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

இன்னொரு கதை யு.டி.ஆர். என்று ஜனங்கள் சொல்லும் நிலவுடமை மேம்பாட்டுத் திட்டம். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. அதில் புகுந்த பிழைகளைத் திருத்த இன்றைக்கும் மனுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. தகப்பன் காலத்தில் எழுத்தர் செய்த பிழை, மகன் நிலத்தை அடமானம் வைக்கப் போகும்போதுதான் வெளிப்படுகிறது. அந்த மாற்றத்தைச் செய்தது யார், எந்த ஆதாரத்தின் மேல் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. இப்போது பட்டாவையும் புலப்படத்தையும் கணினியில் பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் பிழையோடு கூடிய படத்தைக் கணினியில் ஏற்றினால், பிழையும் கணினியில் ஏறுகிறது!

இந்தப் படங்கள் யாருக்காகப் பிறந்தன? இந்திய நில அளவைத் துறை 1767-ல் கும்பெனி ஆட்சி உண்டாக்கியது. 1802-ல் சென்னையில் தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்காக, லாம்ப்டன் 1806-ல் நம் கோயம்புத்தூர் வட்டாரத்திலும் அடிக்கோடு அளந்தார். வரி வசூலுக்கும் பட்டாள நடமாட்டத்துக்கும் படம் தேவைப்பட்டது. வெள்ளைக்காரன் போனான், பூட்டு போகவில்லை. 2016-ல் வந்த ஒரு மசோதா நகல், அனுமதியின்றிப் படத் தகவல் வைத்திருந்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை என்றது, நல்லவேளை, சட்டமாகவில்லை. 2017-ல் நில அளவைத் துறை சில படங்களை இலவசமாகத் தந்தது. ஆனால் ஆதார் எண்ணைக் காட்டச் சொன்னது! சொந்த நாட்டின் படத்தைப் பார்க்க அடையாளச் சீட்டா?

2021 பிப்ரவரியில் கதவு திறந்தது. மக்கள் பணத்தில் உண்டான நிலத் தகவல்கள், பாதுகாப்புத் துறையின் ரகசியங்கள் நீங்கலாக, இந்தியர்களுக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரே எழுதியது. திறந்த கதவில் யார் நுழைகிறார்கள் என்பதே இனிக் கேள்வி. கர்நாடகத்தில் 'பூமி' திட்டத்தின் கீழ் நிலப் பதிவேடுகள் கணினிக்குப் போனபோது, பெங்களூரைச் சுற்றிப் பெரிய நில வியாபாரிகளே அதிகம் பயனடைந்தார்கள் என்று 2007-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பார்க்கும் உரிமை மட்டும் போதாது. திருத்தும் உரிமையும் வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. கோவைத் தொழிலாளிக்கு அது புதிதும் அல்ல. பம்பு மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, பழுதைக் கண்டு, முன்னைவிட நன்றாகப் பூட்டிக்கொடுத்த பட்டறைகளால் வளர்ந்த ஊர் இது. கணினி உலகில் இந்தப் பட்டறை முறைக்குத் திறந்த மூலம் என்று பெயர். 1991-ல் பிறந்த லினக்ஸ் அப்படித்தான் வளர்ந்தது. அதன் விதிகள் எளியவை. மூலத்தையே எல்லோர் கையிலும் கொடு. ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார் என்று பதிவு செய், பழையதை அழிக்காதே. திருத்தம் சொல்ல எவருக்கும் இடம் கொடு. பொறுப்பாளர் அதைப் பரிசீலித்து, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லட்டும்.

மே தினத்தை உலகுக்குத் தந்த சிகாகோ நகரத்தின் நிர்வாகம் 2013-ல் தன் தெருக்கள், கட்டடங்கள், சைக்கிள் பாதைகள் ஆகியவற்றின் படத் தகவல்களை இம்முறையில் வெளியிட்டு, பொதுமக்கள் திருத்தம் அனுப்பலாம் என்றது. 2004-ல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், தொண்டர்களே வரையும் உலகப் படம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஜனங்களே அந்தப் படத்தின் மேல் குறித்தார்கள்.

கண்டவரெல்லாம் கோடு போட்டால் பட்டா என்ன ஆவது என்று அதிகாரிகள் கேட்கலாம். நாம் கேட்பது அது அல்ல. முத்திரை தாசில்தாரிடமே இருக்கட்டும். திருத்தம் சொல்லும் வாய் மட்டும் மக்களுக்கு இருக்கட்டும். உடைமையாளர் பெயரையும் கடனையும் கடைவீதியில் பரப்பச் சொல்லவில்லை; எல்லை, பாதை, குளம், வாய்க்கால் இவற்றைத் திறக்கச் சொல்கிறோம். அந்நியக் கம்பெனியின் படத்தில் நம் ஆட்டோத் தொழிலாளி தெருப்பெயரைத் திருத்தினால், அந்த உழைப்பு கம்பெனியின் சொத்தாகிறது. பொதுப்படத்தில் திருத்தினால் ஊர்ச் சொத்தாகவே நிற்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. புலப்படம், கிராமப்படம், நொய்யல் வாய்க்கால்கள், உக்கடம் முதல் சிங்காநல்லூர் வரையுள்ள குளங்களின் எல்லைகள் ஆகியவற்றை மூலக் கோப்பாகவே வெளியிட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிவு வேண்டும். திருத்த மனுவுக்குக் கெடுவும் காரணத்தோடு பதிலும் வேண்டும். குழாயோ கோபுரமோ வருவதற்கு முன் பாதைப்படம் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். கணினி இல்லாதவனும் குடிமகன்தான்.

சர்க்கார் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையிலும் நான்கு தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பட்டும். தம் பகுதியின் குளக்கரை, சாக்கடை, லைன் வீடுகள், பொதுக்குழாய், பேருந்து நிறுத்தம் இவற்றை நடந்து பார்த்துப் பொதுப்படத்தில் பதியட்டும். அடுத்த முறை ஒரு குடியிருப்பை அகற்ற ஆணை வரும்போது, படத்தில் அந்தக் குடியிருப்பே இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாதபடி செய்வோம்!