அந்தக் கதவு யார் வீட்டுக் கதவு?

பால்புதுமைப் பிள்ளைகளைப் பற்றி மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களை நாங்கள் தொடர்ந்து பார்த்து வருகிறோம். பல படங்களில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. பதினாறு வயதுப் பிள்ளை தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. கண்ணாடி முன் நிற்கிறது. உதட்டுச் சாயம், அம்மாவின் சேலை, பின்னணியில் பியானோ, கடைசியில் ஒரு புன்னகை. தன்னைத் தானே ஏற்றுக்கொண்டாயிற்று, படம் முடிந்தது.

நாங்களும் அப்படித்தான் எழுதினோம். மயிலாப்பூரில் கால்வாய் ஓரக் குடியிருப்பு ஒன்றில் மாலை வகுப்பு நடத்தும் சிறு குழு நாங்கள். குழுவில் சமூகப் பணியாளர்கள் சிலர், கல்லூரி மாணவர்கள் சிலர். பத்து நிமிடக் குறும்படத்துக்கான முதல் வரைவை வகுப்புப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினோம். பிளஸ் ஒன் படிக்கும் ஒருவன் கேட்டான்: "அக்கா, அது யாரு வூடு? எங்க வூட்ல கதவ சாத்துனா, எதுக்குடா சாத்துறன்னு அஞ்சு பேரு கேப்பாங்க."

அந்த வரைவை அன்றோடு மூடிவைத்தோம்.

தனி அறை என்பது இந்த நகரத்தில் சாதியும் வர்க்கமும் சேர்ந்து பங்கிட்ட சொத்து. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர்தான் மாறியது. அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்புவது நிற்கவில்லை. போன இடத்திலும் கிடைத்தது சின்ன வீடுதான். அதில் அப்பா, அம்மா, பாட்டி, தங்கை எல்லோருக்கும் நடுவில் ஒரு பிள்ளை தன்னைத் தனியாகப் பார்த்துக்கொள்ள இடம் எங்கே?

அந்தப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் இடங்களை அவர்களே சொன்னார்கள். பறக்கும் ரயில் நிலையங்களின் ஆளில்லாத மாடிகள், இருட்டிய பிறகு பட்டினப்பாக்கம் மணல், ரங்கநாதன் தெருக் கூட்டம். யாரும் யாரையும் கவனிக்காத கூட்டமும் அவர்களுக்கு ஒரு அறைதான். ஆனால் ரோந்து வரும் காவலர் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஏரியா?" என்பது. ஏரியா பெயரைச் சொன்னாலே சாதியும் தெரிந்துவிடும். அடுத்த கேள்வி வேறு தொனியில் வரும்.

தமிழில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 2013 முதல் சென்னையில் 'ரீல் டிசையர்ஸ்' பால்புதுமைத் திரைப்பட விழா நடந்து வந்திருக்கிறது. மாலினி ஜீவரத்தினம் இயக்கிய 'லேடீஸ் அண்ட் ஜென்டில்விமன்' ஆவணப்படத்தை 2017இல் பா. ரஞ்சித்தின் நீலம் தயாரித்தது. தற்கொலைக்குத் தள்ளப்பட்ட பெண்களின் காதலைப் பேசிய படம் அது. 2022இல் 'நட்சத்திரம் நகர்கிறது' சாதி மறுப்புக் காதலையும் பால்புதுமைக் காதலையும் ஒரே மேடையில் நிறுத்தியது. 2025இல் 'காதல் என்பது பொதுவுடைமை' திரையரங்குக்கு வந்தது. எல்லாமே நமக்குத் தேவையான படங்கள். ஆனால் இந்தப் படங்களின் மையத்தில் இருப்பவர்கள் வயது வந்தவர்கள். சண்டை போட்டுவிட்டு வெளியேற அவர்களுக்குச் சட்டமாவது இடம் தருகிறது. பதினாறு வயதுப் பிள்ளை சண்டை போட்டாலும் இரவு அதே வீட்டில்தான் படுக்க வேண்டும்.

சட்டத்திலும் இதே இடைவெளி இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முக்கியமான உத்தரவுகளைப் பிறப்பித்தார். பாலீர்ப்பை 'குணப்படுத்துகிறோம்' என்று மருத்துவம் செய்வதைத் தடை செய்தார். காணவில்லை என்று புகார் வந்தாலும், விருப்பத்தோடு சேர்ந்து வாழ்பவர்களைத் துன்புறுத்தாமல் புகாரை முடித்துவைக்கக் காவல்துறைக்குச் சொன்னார். அதற்கும் அவர்கள் வயது வந்தவர்களாக இருக்க வேண்டும். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களைப் பொறுத்தவரை, பள்ளிகளும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் விழிப்புணர்வு பெற வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் பகுதிப் பள்ளியில் அப்படி ஒரு கூட்டமாவது நடந்ததா? போய்க் கேளுங்கள்.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்களில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவை எல்லாம் வசவுச் சொற்கள். தன்னைக் குறிக்கும் ஒரே சொல் வசவாக இருக்கும்போது, கண்ணாடியைப் பார்த்து எப்படிப் புன்னகைப்பது?

நம் இயக்கத்துக்குள்ளிருந்தே ஒரு மூத்த தோழர் எங்களிடம் கேட்டார்: "வன்கொடுமை வழக்குகளே தேங்கிக் கிடக்கு. இது மேட்டுக்குடி விஷயம். இப்ப இதெல்லாம் தேவையா?" கேள்வியில் இருந்த களைப்பு எங்களுக்குப் புரிகிறது. பதில் அண்ணலிடமே இருக்கிறது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் சாரம் அகமணம் என்று நிறுவினார் அம்பேத்கர். அகமணம் நிலைக்க வேண்டுமானால் ஒவ்வொரு பிள்ளையும் யாரை விரும்ப வேண்டும், யாரை விரும்பக் கூடாது என்பதைக் குடும்பமும் ஊரும் கண்காணிக்க வேண்டும். சாதி மாறிக் காதலித்தவரைத் தண்டவாளத்தில் போடும் அதே கண்காணிப்புதான், பெண்ணை விரும்பிய பெண்ணுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறது. இது மேட்டுக்குடி விஷயம் என்று நாம் விலகினால் நம் சேரிப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் அநாதையாகிறார்கள். பால்புதுமைக் கூட்டங்களில் அவர்கள் சாதியை மறைக்க வேண்டியிருக்கிறது, நம் கூட்டங்களில் அவர்கள் தங்களையே மறைக்க வேண்டியிருக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவும் கிரேஸ் பானுவும் தலித்தாகவும் திருநங்கையாகவும் ஒரே குரலில் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். நாம்தான் பாதியை மட்டும் கேட்டோம்.

படத்துக்கு வருவோம். தன் கதையைத் தந்த பையன் தானே நடிக்க ஆசைப்பட்டான். நாங்கள் மறுத்தோம். பதினெட்டு வயது ஆகாதவன் நடிக்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். கதையைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது மோசடி, சொல்லி வாங்கினால் அவனை நாங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. யூடியூபில் முகம் வந்துவிட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது. இருபத்திரண்டு வயது மாணவர் ஒருவர் நடித்தார். பையனின் தெருவும் வீடும் தெரியாதபடி வேறு பகுதியில் எடுத்தோம். அவன் வசனம் எழுதினான். பெயர் போட வேண்டாம் என்று அவனே சொன்னான். "படம் முடிஞ்சா நீங்க கெளம்பிடுவீங்க. நான் இங்கதான இருக்கணும்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் படத்தின் முடிவை மாற்றியது அதுதான். எங்கள் படத்தில் கண்ணாடி இல்லை. கடைசிக் காட்சியில் அந்தப் பிள்ளை தெருமுனைப் படிப்பகத்துக்குப் போகிறது. உள்ளே இருக்கும் அண்ணன் எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அவ்வளவுதான்.

தன்னேற்பு என்று நாம் மொழிபெயர்க்கும் சொல்லுக்குப் பக்கத்திலேயே நம் மண்ணில் சுயமரியாதை என்ற சொல் இருக்கிறது. ஏற்பு தனி ஆளின் மனதுக்குள் முடிந்துவிடலாம். மரியாதையை ஊரிடம் கேட்டு வாங்க வேண்டும், அதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது.

படம் எடுக்கக் கேமராவைத் தூக்கும் தம்பி தங்கைகளே, முதல் காட்சியை எழுதும் முன் அந்தக் கதவு யார் வீட்டுக் கதவு என்று கேளுங்கள். அமைப்பு நடத்தும் தோழர்களே, நம் படிப்பகத்தில் அந்த நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்.