நாற்காலி கிடைக்காத கடல்



"கமிட்டி" என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். "சர்வதேச விஞ்ஞானக் கமிட்டி" என்றால் கேட்கவே வேண்டாம். இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடுவீர்கள்! கொஞ்சம் பொறுங்கள். அப்படிப்பட்ட கமிட்டி ஒன்று ஒரு புதுக் காரியத்தைத் தொடங்கலாமா, வேண்டாமா என்று எப்படி யோசித்தது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அதில் நம் நாகப்பட்டினத்துக் குடும்பங்களின் கண்ணீரும் கலந்திருக்கிறது.

நான் இதை எழுதுகிற தளவாய்புரத்தில் மேற்கே பார்த்தால் மலை தெரியும், கடல் தெரியாது. ஆனாலும் திருச்செந்தூர் முருகனைத் தரிசித்துக் கடலில் முழுகாத குடும்பம் இந்தப் பக்கத்தில் எத்தனை இருக்கும்? கடலின் சங்கதி நமக்கும் வேண்டியதுதான்.

1960 மே 22 அன்று தென்னமெரிக்காவில் சிலி தேசத்தில் பயங்கர பூகம்பம் ஏற்பட்டது. அதில் எழுந்த அலை பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து, ஹவாய்த் தீவிலும் ஜப்பானிலும் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடிபட்ட தேசங்கள் கூடி யோசித்தன. 1965-இல், ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோவைச் சேர்ந்த கடலியல் கமிஷன், பசிபிக் கரை தேசங்களைச் சேர்த்துச் சுனாமி எச்சரிக்கைக்காக ஒரு கூட்டுக் குழு ஏற்படுத்தியது. எங்கே பூமி அதிர்ந்தாலும் ஹவாயிலுள்ள நிலையம் கணக்கிட்டு, மற்ற தேசங்களுக்குச் செய்தி அனுப்பும். அருமையான ஏற்பாடு!

நம்முடைய இந்து மகாசமுத்திரத்துக்கு? ஒன்றும் இல்லை. "இந்தக் கடலில் சுனாமி வருவதில்லை" என்று சொன்னால் அது சரியல்ல. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பூகம்பம் வந்தபோது, கடல் ஏறி இறங்கியதை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இருந்த அளவுக் கருவிகளே கோடு போட்டுக் காட்டின. 1883-இல் க்ராகடோவா எரிமலை வெடித்து, ஜாவா, சுமத்ரா கரைகளை அலை விழுங்கியது. 1945 நவம்பரில் மக்ரான் கரையில் எழுந்த அலை பம்பாய் வரை வந்தது. ஆனால் பசிபிக்கைப் போல் அடிக்கடி வரவில்லை. அடிக்கடி அழாத குழந்தைக்குப் பால் கொடுக்க மறந்துவிடுவது போல் ஆயிற்று கதை!

2003-ஆம் வருஷம் நியூஜிலாந்திலுள்ள வெல்லிங்டன் நகரில் அந்தக் கூட்டுக் குழு கூடியது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி பில் கம்மின்ஸ், சுமத்ராவில் 1833-இல் நடந்த பெரிய பூகம்பத்தை எடுத்துக்காட்டி, அதுபோல் மறுபடி வந்தால் இந்து மகாசமுத்திரக் கரைகளுக்கும் ஆபத்து என்று எடுத்துச் சொன்னார். குழு என்ன செய்தது? அதன் அதிகாரமெல்லாம் பசிபிக் சமுத்திரத்தோடு சரி. எல்லையை மாற்றுவது லேசான காரியமல்ல. ஆகவே, விஷயத்தை ஆராய ஒரு துணைக் குழு அமைத்தார்கள். குழுவின் 26 அங்கத்தினர்களில் இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. "எங்கள் கரையில் இத்தனை ஜனங்கள் குடியிருக்கிறார்கள், ஐயா!" என்று எழுந்து நின்று சொல்ல, நம்மவர் யாருக்கும் அங்கே நாற்காலி கிடையாது.

அடுத்த வருஷம், 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29-க்குச் சுமத்ரா அருகே கடலுக்கடியில் பூமி பிளந்தது. கால் மணி நேரத்தில் ஹவாய் நிலையம் செய்தி வெளியிட்டது. பசிபிக்குக்கு ஆபத்தில்லை என்றது அந்தச் செய்தி. நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட அது போதுமான நேரம். ஆனால் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்ற ஏற்பாடே இல்லை! தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள்; பெரும்பாலோர் நாகப்பட்டினம் ஜில்லாக்காரர்கள்.

2003-லேயே "சரி" என்று தீர்மானித்திருந்தாலும், ஒரு வருஷத்தில் எல்லாம் தயாராகியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி இருபது வருஷம் முன்பே கேட்கப்பட்டிருக்கலாம் அல்லவா?

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. 2005-இல் இந்து மகாசமுத்திரத்துக்கென்றே தனிக் கூட்டுக் குழு பிறந்தது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் நமது எச்சரிக்கை நிலையம் வேலையைத் தொடங்கியது. இன்று இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தக் கடல் முழுமைக்கும் காவல் இருக்கின்றன. 2020-இல் ஒடிஸாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கிராமங்கள், ஓடும் வழியைக் குறித்து, ஒத்திகையும் பார்த்து, "சுனாமிக்குத் தயாரான ஊர்" என்று யுனெஸ்கோ கமிஷனின் அங்கீகாரம் பெற்றன.

ஆக, விஞ்ஞானிகளுக்கு அறிவு குறைவில்லை. தீர்மானிக்கும் முறையில்தான் குறை. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வீடுகள் பல உண்டு. புது மாடல் போடலாமா என்று துணி வெட்டுகிறவரையும் வியாபாரியையும் மட்டும் கேட்டால் போதுமா? எந்த இடத்தில் தையல் பிரியும் என்பது மிஷினில் உட்காருகிற பெண்ணுக்கல்லவா தெரியும்!

உலக சபையானாலும் உள்ளூர் மாதர் சங்கமானாலும், புது யோசனை வரும்போது நாலு கேள்வி கேட்டாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதைச் செய்யாவிட்டால் நஷ்டப்படுகிறவர் யார்? அவர் இங்கே உட்கார்ந்திருக்கிறாரா? ஆரம்பித்தபின் வருஷா வருஷம் செலவு செய்து காப்பாற்றப் போகிறவர் யார்? எந்தத் தேதிக்குள் "சரி" அல்லது "வேண்டாம்" என்று சொல்லப் போகிறோம்? துணைக் குழு போடுவது தப்பில்லை; கெடு வைக்காமல் போடுவதுதான் தப்பு. "வேண்டாம்" என்றாலும் காரணத்தை எழுதி வைத்தால், பின்னால் வருகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்து மறுபடி கேட்கலாம். "அது நம் எல்லையில் இல்லை" என்று சொல்ல நேர்ந்தால், யாருடைய எல்லை என்று கண்டுபிடித்து அவரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்திருப்பதுதான் நியாயம்.

எச்சரிக்கையின் கடைசிப் படி நம் வீடுதான், சகோதரிகளே. அடுத்த தடவை குழந்தைகளோடு கடற்கரைக்குப் போகும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள்: தரை வெகுநேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்கக்கூடாது, யார் உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும். இதற்கு எந்தக் கமிட்டியும் கூட வேண்டியதில்லை!