கோப்புக்குக் காவல் யார்?

டில்லியில் 1985 ஜனவரியில் பெரிய உளவு வழக்கு ஒன்று வெடித்தது. கைதானவர்களில் மந்திரியும் இல்லை, தளபதியும் இல்லை. பிரதமர் செயலகம், ஜனாதிபதி செயலகம், பாதுகாப்பு இலாகா ஆகிய இடங்களில் வேலை பார்த்த அந்தரங்க உதவியாளர்களும் ஸ்டெனோக்களுமே பலர். குமார் நாராயண் என்ற தனியார் கம்பெனிப் பிரதிநிதி அவர்களைக் கைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பணமும் மது பாட்டிலும் கைமாறின.

இதில் கவனிக்க வேண்டியது, கோப்பு எதுவும் களவு போகவில்லை. வெளியே போய், போட்டோ காப்பி எடுக்கப்பட்டு, மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டது. பூட்டு உடையவில்லை. பின் எப்படிச் சந்தேகம் வரும்?

தம் அலுவலகத்து ஆட்களே சிக்கியதால் பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் ராஜிநாமா செய்தார். பிரெஞ்சுத் தூதரகத்தின் ராணுவ அதிகாரி ஒருவர் ஊர் திரும்பினார். 1961-ஆம் வருஷத்து வியன்னா ஒப்பந்தப்படி தூதரக அதிகாரியைக் கூண்டில் ஏற்ற முடியாது. வெளியேறச் சொல்லலாம், அவ்வளவுதான். அவர் விமானம் ஏறுவார், நம் குமாஸ்தா சிறைக்குப் போவார். தீர்ப்பு வந்தது 2002-ல். 13 பேருக்குத் தண்டனை. முக்கியப் புள்ளியான நாராயண் 2000-லேயே இறந்துவிட்டார்.

தூதரகக்காரர் யாரைச் சந்திக்கிறார் என்று கண்காணிப்பது ஐ.பி.யின் வேலை. ஆனால் அதற்கு முன்பே அலுவலகத்துக்குள் செய்ய வேண்டியது நிறைய உண்டு. வேலையில் சேரும்போது போலீஸ் விசாரணை நடக்கிறது. அது 22 வயதுப் பையனின் நடத்தையைச் சொல்லும். 45 வயதில் மகள் கல்யாணக் கடனில் அவன் தவிப்பதைச் சொல்லுமா? ரகசியக் காகிதத்தின் ஒவ்வொரு நகலுக்கும் எண் வேண்டும். யார் எடுத்தார், எத்தனை மணிக்குத் திருப்பினார் என்று பதிவேட்டில் கையெழுத்து வேண்டும். இன்று காப்பி மெஷின்கூடத் தேவையில்லை, சட்டைப் பையிலுள்ள கைபேசி போதும். ஆகவே அதை வாசலிலேயே வாங்கி வைக்க வேண்டும்.

பதிவேடு நல்லவனுக்கும் கவசம். 1994-ல் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி 50 நாள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று சி.பி.ஐ. 1996-ல் அறிக்கை கொடுத்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு ரூ. 50 லட்சம் நஷ்டஈடு தரச் சொன்னது. அதற்குள் 24 வருஷம் போய்விட்டது! காகிதம் பேசினால் ஆளை மிரட்டிப் பேச வைக்கத் தேவையிராது.

எந்தக் கட்டுப்பாடு வந்தாலும் அது பியூனோடும் குமாஸ்தாவோடும் நின்றுவிடுவதுதான் நம் வழக்கம். கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகும் மேலதிகாரியும் அதே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், அவருடைய கைபேசியும் அதே வாசலில் இருக்க வேண்டும்.